மெயிலை யார் கையில் கொடுப்பது? கொங்குப் பக்கத்துச் சங்கங்களுக்கும் வக்கீல் அலுவலகங்களுக்கும் ஒரு ஒப்பீடு

உயர்மின் கோபுரங்களை எதிர்த்துப் போராடிய கொங்கு விவசாயிகளுக்கு 1885-ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டத்தைப் பற்றி யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. சத்தீஸ்கரின் ராய்கரில் இருந்து கரூர் மாவட்டம் புகளூர் வரை 800 கிலோவோல்ட் மின்பாதை வந்தபோது, நிலத்தைக் கையகப்படுத்தாமலேயே தோட்டத்துக்குள் கோபுரம் நட உதவியது அந்தச் சட்டம்தான். மின்சாரச் சட்டம் 2003-இன் 164-ஆவது பிரிவு அதற்கு வழி விட்டிருந்தது. 2018 டிசம்பரில் மேற்கு மாவட்டங்களில் பந்தல் போட்டு உட்கார்ந்தவர்கள் அந்த ஆண்டையும் சட்டத்தின் பெயரையும் மனப்பாடமாகச் சொல்வார்கள். அதே சட்டத்தின் 5(2) பிரிவுதான், ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பும் செய்தியை நடுவில் மறித்துப் படிக்கும் அதிகாரத்தையும் அரசுக்குக் கொடுத்தது என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. கோபுரம் நட்டால் கண்ணுக்குத் தெரியும். மெயிலைப் படித்தால் தெரியாது.

ஈரோடு, பெருந்துறை, திருப்பூர் பக்கம் சின்ன அலுவலகங்களுக்கு நெட்வொர்க்கும் மெயிலும் அமைத்துக் கொடுப்பது என் தொழில். விவசாயச் சங்கம், அவர்களுக்கு இழப்பீட்டு வழக்கு நடத்தும் வக்கீல், பனியன் கம்பெனித் தொழிலாளர்களின் புகார்களைப் பதிந்து வைக்கும் அமைப்பு என்று பலரும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். ஒரு சங்கச் செயலாளர் கேட்டது இது: "ஏனுங் தம்பி, நம்ம மெயிலெல்லாம் அந்தக் கேபிள்காரர் வயர்லதானுங்களே போகுது? கவர்மென்ட்டுல கேட்டா எடுத்துக் குடுத்துருவாருங்களா?" நியாயமான கேள்வி. இதற்குப் பதில் தெரியாமல் எந்த மெயில் நல்லது என்று பேசிப் பயனில்லை.

சட்டத்தில் இருந்து ஆரம்பிக்கிறேன். தந்திச் சட்டத்தின் இடத்துக்கு இப்போது தொலைத்தொடர்புச் சட்டம் 2023 வந்திருக்கிறது. அதன் 20(2) பிரிவும், 2024 டிசம்பரில் வெளியான விதிகளும் லைனில் போகிற செய்தியை இடைமறிக்க வழி செய்கின்றன. கணினியிலும் சர்வரிலும் இருப்பதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 69-ஆவது பிரிவும் 2009-ஆம் ஆண்டு விதிகளும் இருக்கின்றன. 2018 டிசம்பர் 20 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் உளவுத்துறை, சிபிஐ, அமலாக்கத்துறை உட்பட 10 அமைப்புகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டது. வழக்கமாக உத்தரவு போடுபவர் மத்தியில் உள்துறைச் செயலாளர், மாநிலத்திலும் உள்துறைச் செயலாளர். ஒரு உத்தரவு 60 நாள் செல்லும், நீட்டித்துக்கொண்டே போனால் மொத்தம் 180 நாள் வரை. அதைச் சரிபார்ப்பது மத்தியில் அமைச்சரவைச் செயலாளரும் மாநிலத்தில் தலைமைச் செயலாளரும் தலைமை வகிக்கும் குழு.

இந்த வரிசையில் நீதிபதி எங்குமே இல்லை. எனக்கு ஆறாத விஷயம் இதுதான். அதிகாரி போட்ட உத்தரவை அதிகாரிகளே பார்த்துச் சரி என்கிறார்கள். உத்தரவை வாங்கிய நிறுவனம் அதை வெளியே சொல்லக் கூடாது. படிக்கப்பட்டவருக்கு வேலை முடிந்த பிறகும் தகவல் வராது. 2013-இல் உள்துறை அமைச்சகம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கொடுத்த ஒரு பதிலின்படி, மத்திய அரசு மட்டும் மாதத்துக்குச் சராசரியாக 7,500 முதல் 9,000 தொலைபேசி உத்தரவுகளும் 300 முதல் 500 மெயில் உத்தரவுகளும் போட்டது. நாளுக்கு 250-க்கு மேல் கோப்பு. இத்தனையையும் ஒரு செயலாளர் படித்துப் பார்த்து, தேவைதானா என்று யோசித்துக் கையெழுத்துப் போட முடியுமா?

நீதிமன்றங்கள் சும்மா இருக்கவில்லை. ஒட்டுக்கேட்புக்கு வரம்பு வைத்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 1996-இல் வந்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் சொன்னார்கள். 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு குற்றத்தைக் கண்டுபிடிக்க ரகசியமாகப் போனை ஒட்டுக்கேட்பது பொது நெருக்கடி என்றோ பொதுப் பாதுகாப்பு என்றோ ஆகாது என்று சொல்லி, 2011-இல் போடப்பட்ட ஒரு உத்தரவை ரத்து செய்தது. போட்ட உத்தரவு தப்பு என்று தெரிய 14 வருடம் ஆகியிருக்கிறது. அதனால் தீர்ப்பை மட்டும் நம்பி இருக்காமல், நம் பக்கத்தில் செய்ய முடிந்ததைச் செய்துகொள்ள வேண்டும்.

சரி, கேபிள்காரருக்கு வருவோம். நம் ஊர்களில் ஃபைபர் இழுத்துக் கொடுப்பவர் பெரும்பாலும் ஒரு பெரிய நிறுவனத்தின் ஃபிரான்சைஸி. உரிமம் மேலே இருக்கும் நிறுவனத்தின் பெயரில் இருக்கும். இடைமறிப்புக்கான வசதி செய்து வைக்கவும், எந்த இணைப்பு எந்த நேரத்தில் எந்த முகவரிக்குப் போனது என்ற பதிவைப் பாதுகாக்கவும் அந்த உரிமம் கட்டாயப்படுத்துகிறது. 2021 டிசம்பரில் அந்தப் பதிவுக் காலத்தை ஒரு வருடத்தில் இருந்து இரண்டு வருடமாக்கினார்கள். போதாததற்கு சிஎம்எஸ் என்கிற மையக் கண்காணிப்பு அமைப்பு இருக்கிறது. சேவை நிறுவனத்தின் ஆட்கள் கை வைக்காமலேயே இடைமறிப்பு நடக்க வேண்டும் என்பதற்காகவே அதை அமைத்தார்கள். ஆகவே செயலாளர் பயந்த மாதிரி கேபிள்காரர் எதையும் "எடுத்துக் குடுக்க" வேண்டிய அவசியம்கூட இல்லை. அவருக்கே தெரியாமல் நடக்கலாம்.

ஆனால் லைனில் எதைப் பார்க்க முடியும் என்பது, நாம் எந்த மெயிலை எப்படி வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

இருப்பதிலேயே மோசமான நிலையில் இருப்பது, வெப்சைட் போட்டபோது கூடவே கிடைத்த ஹோஸ்டிங் மெயில். திருப்பூரில் இன்னும் ஏகப்பட்ட கம்பெனிகளில், வக்கீல், ஆடிட்டர் அலுவலகங்களில் இதுதான். எப்போதோ வந்த பையன் அவுட்லுக்கில் செட் செய்துவிட்டுப் போனது அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். அக்கவுண்ட் செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு பகுதியைத் திறந்து பாருங்கள். உள்ளே வரும் மெயிலுக்கு 110 என்ற போர்ட், அதன் கீழே என்கிரிப்ஷன் (வழியில் யாரும் படிக்க முடியாதபடி மெயிலைப் பூட்டுவது) என்ற இடத்தில் 'நன்' என்று இருந்தால், உங்கள் மெயில் லைனில் திறந்தபடி போகிறது. மெயில் மட்டுமில்லை. அதே நெட்வொர்க்கில் வயர்ஷார்க் என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பார்த்தால் ஒரு வரியில் 'யூசர்' என்று உங்கள் முகவரியும், அடுத்த வரியில் 'பாஸ்' என்று கடவுச்சொல்லும் எழுத்துக்கு எழுத்து தெரியும். அவுட்லுக் சில நிமிடத்துக்கு ஒருமுறை மெயில் வந்திருக்கிறதா என்று பார்க்கும்போதெல்லாம் கடவுச்சொல் இப்படி வெளியே போகிறது. ஒரு வக்கீலுக்குக் காட்டியபோது அவர் சட்டென்று எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினார். இங்கே உத்தரவு கூட வேண்டாம், லைனில் எந்த இடத்தில் யார் உட்கார்ந்தாலும் படிக்கலாம்.

110-ஐ 995 ஆகவும், ஐமேப் என்ற முறையில் மெயில் வந்தால் 143-ஐ 993 ஆகவும், அனுப்புவதை 465 அல்லது 587-இல் என்கிரிப்ஷனோடும் மாற்றினால் இந்த ஓட்டை அடைபடும். காசு செலவில்லாத வேலை. மற்றதெல்லாம் முடிவாகும்வரை காத்திருக்காமல் இதை இன்றைக்கே செய்துவிடுங்கள். ஆனாலும் ஹோஸ்டிங் நிறுவனத்தின் சர்வரில் மெயில் பூட்டில்லாமல்தான் கிடக்கும். பல நூறு பேரோடு பங்கு போடும் சர்வர் அது. ஒரு சங்கத்தின் மொத்தக் கடிதப் போக்குவரத்தையும் வைக்க ஏற்ற இடமில்லை.

ஜிமெயிலோ சோஹோவோ வைத்திருந்தால் லைன் பிரச்சினை கிட்டத்தட்ட தீர்ந்தது. உங்கள் கணினிக்கும் அவர்கள் சர்வருக்கும் நடுவில் போவது முழுக்கப் பூட்டிப் போகிறது. ஜிமெயில் 2014-இலிருந்து பூட்டில்லாத இணைப்பை ஏற்பதே இல்லை. இணைய சேவை நிறுவனத்துக்குத் தெரிவது, நீங்கள் அந்த நிறுவனத்தின் சர்வரோடு பேசினீர்கள், இந்த நேரத்தில், இத்தனை அளவு என்பதுதான். யாருக்கு, என்ன எழுதினீர்கள் என்பது தெரியாது. எதிர்ப்பக்கம் பூட்டில்லாத மெயில் வைத்திருந்தால் ஜிமெயில் சிவப்பு நிறத்தில் திறந்த பூட்டுப் படத்தைக் காட்டும். அதைப் பார்த்தால் ஆவணத்தை அனுப்பாமல் முதலில் போன் போட்டுச் சொல்லுங்கள்.

ஆக, இன்றைக்கு லைனைவிட முக்கியம், மெயில் சேர்ந்து கிடக்கும் பெட்டி. கீழ்பவானி வாய்க்காலில் எவ்வளவு கான்கிரீட் போட்டுக் கசிவை அடைத்தாலும், மதகுச் சாவி யாரிடம் என்பது தனிக் கேள்வி. மெயிலிலும் அப்படியே. பெட்டியை வைத்திருப்பவர் யார், அவர் எந்த நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர், பூட்டின் சாவி அவரிடம் இருக்கிறதா, நம்மிடம் இருக்கிறதா?

ஜிமெயிலில் சாவி கூகுளிடம். விளம்பரத்துக்காக மெயிலைப் படிப்பதை 2017-இல் நிறுத்திவிட்டார்கள் என்றாலும், படிக்க முடியாது என்றில்லை. நம் ஊர்ப் போலீஸ் கேட்டால் கணக்கு யாருடையது, எந்த ஐபி முகவரியில் (இணைய இணைப்பின் எண்) இருந்து நுழைந்தார் என்பது போன்ற விவரம் கிடைக்க வாய்ப்பு அதிகம். மெயிலின் உள்ளடக்கத்துக்குப் பொதுவாக 2005-இல் நடைமுறைக்கு வந்த இந்திய–அமெரிக்க சட்ட உதவி ஒப்பந்தத்தின் வழியாகப் போய் அமெரிக்க நீதிமன்றத்தைத் தொட்டு வர வேண்டும். மெதுவான வழி. நம் ஊர் விவகாரத்துக்கு இது ஓரளவு தடுப்புத்தான். அமெரிக்க அரசு என்று வந்தால் நிலைமை தலைகீழ். வெளிநாட்டில் இருக்கும் வெளிநாட்டவரின் மெயிலைத் தனித்தனி வாரண்ட் இல்லாமலே கேட்க அவர்களின் வெளிநாட்டு உளவுக் கண்காணிப்புச் சட்டமான ஃபைசாவின் 702-ஆவது பிரிவு இடம் தருகிறது. அமெரிக்க உளவு அமைப்புக்கு வேலை பார்த்த ஸ்னோடன் 2013-இல் வெளிக்கொண்டு வந்த பிரிசம் என்ற கண்காணிப்புத் திட்டம் அந்தப் பிரிவில்தான் நடந்தது. புகளூர் லைன் இழப்பீட்டில் அமெரிக்காவுக்கு அக்கறை இருக்காது. ஆனால் பெரிய ஏற்றுமதியாளர் ஒருவர் விலைப் பேச்சுவார்த்தையை அங்கே வைக்கலாமா என்று ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும்.

சோஹோ மேல் எனக்கு மரியாதை உண்டு. 1996-இல் சென்னைப் பக்கம் ஆரம்பித்து, தென்காசி வரை வேலையைக் கொண்டுபோன கம்பெனி. விளம்பரம் கிடையாது, சின்ன அலுவலகத்துக்குச் சொந்த டொமைனில் (நம் பெயரில் வாங்கும் இணைய முகவரி) மெயில் போட வசதியாக இருக்கிறது. மத்திய அரசே தன் ஊழியர்களின் மெயிலை அவர்கள் தளத்துக்கு மாற்றியிருக்கிறது. தரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்த ஒப்பீட்டின் கேள்வி வேறு. இந்தியக் கணக்குகளின் சேமிப்பகம் சென்னையிலும் மும்பையிலும் இருக்கிறது, நிறுவனம் இந்தியாவில் இருக்கிறது, சாவி அவர்களிடம் இருக்கிறது. 69-ஆவது பிரிவில் உத்தரவு வந்தால் உதவி செய்தே ஆக வேண்டும், மறுத்தால் ஏழு வருடம் வரை சிறை. எந்த இந்திய நிறுவனத்துக்கும் இதே கதிதான். இதில் சோஹோவின் தவறு எதுவும் இல்லை, நீதிபதியைத் தள்ளி வைத்த சட்டத்தின் தவறு. நீதிபதி கையெழுத்து இல்லாமல் பெட்டியைத் திறக்கக் கூடாது என்று நாளைக்கே சட்டம் வந்தால், எல்லோருக்கும் முதல் சிபாரிசாக சோஹோவைத்தான் சொல்வேன்.

புரோட்டான் மெயிலில் சாவி நம்மிடம். 2014-இல் ஜெனீவாவில் தொடங்கிய சேவை. நம் கடவுச்சொல்லில் இருந்து பிறக்கும் சாவியால்தான் பெட்டி திறக்கும். நிறுவனத்தைக் கேட்டாலும் பூட்டிய குவியலைத்தான் தர முடியும். வெளிநாட்டு அரசுகள் சுவிட்சர்லாந்து அதிகாரிகள் வழியாகத்தான் கேட்க வேண்டும். இரண்டு பக்கமும் புரோட்டான் என்றால் வழியிலும் பெட்டியிலும் யாரும் படிக்க முடியாது. வக்கீலுக்கும் சங்கத்துக்கும் இது பொருந்துவதற்குக் காரணம், அவர்கள் இருவரும் ஒருவருக்கொருவர்தான் அதிகம் எழுதிக்கொள்கிறார்கள். ஒருவர் மட்டும் புரோட்டானில் இருந்து மற்றவர் ஜிமெயிலில் இருந்தால், அந்த மெயிலின் ஒரு பிரதி ஜிமெயிலில் படிக்கும் நிலையில் கிடக்கும். மாறியதற்குப் பயனே இருக்காது.

இதன் குறைகளையும் சொல்லியாக வேண்டும். தலைப்பு வரி, அனுப்புநர், பெறுநர், நேரம் எதுவும் அந்த முழுப் பூட்டுக்குள் வருவதில்லை. "கோபுரம் எண் இத்தனைக்கு எதிரான தடை மனு" என்று தலைப்பில் எழுதாதீர்கள், "கடிதம்" என்று எழுதினால் போதும். 2021-இல் சுவிஸ் அதிகாரிகளின் உத்தரவுப்படி ஒரு பிரெஞ்சு சூழலியல் போராட்டக்காரரின் ஐபி முகவரியை புரோட்டான் கொடுத்தது. மெயில் படிக்கப்படவில்லை, ஆள் யார் என்பது போனது. இந்தியாவில் தடை வரும் ஆபத்தும் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் சென்னைப் பள்ளிகளுக்குப் புரோட்டான் வழியாக வெடிகுண்டு மிரட்டல் மெயில் வந்த பிறகு அதை முடக்கும் பேச்சு எழுந்தது. 2025 ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் தடை செய்ய நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. ஆகவே புரோட்டானின் முகவரியை விசிட்டிங் கார்டில் அடிக்காமல், சொந்த டொமைன் வாங்கி அதைப் புரோட்டானோடு இணையுங்கள். ஒருநாள் முடங்கினாலும் முகவரி மாறாமல் வேறு இடத்துக்குப் போய்விடலாம். இதற்குக் கட்டணத் திட்டம் வேண்டும்.

இன்னொன்று, நம் சங்கங்களுக்கு முக்கியமானது. கடவுச்சொல் மறந்து, மீட்புச் சொற்றொடரும் (பெட்டியைத் திரும்பத் திறக்க புரோட்டான் தரும் சொல் வரிசை) கையில் இல்லாமல் புதிதாக மாற்றினால், கணக்கு திரும்பக் கிடைக்கும், பழைய மெயில்கள் திறக்காது. நிர்வாகிகள் மாறும் அமைப்பில் இது நிச்சயம் நடக்கும். மீட்புச் சொற்றொடரைக் காகிதத்தில் எழுதி, தீர்மானப் புத்தகம் இருக்கும் பீரோவில் வையுங்கள். ஒருவர் போனில் மட்டும் இருக்க விடாதீர்கள்.

மெயிலை நாமே பூட்டி அனுப்ப உதவும் பிஜிபி என்ற மென்பொருள் பற்றிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். 1991-இல் ஃபில் சிம்மர்மன் எழுதியது, இன்றும் உறுதியானது. 2020-இலிருந்து தண்டர்பேர்டு என்ற இலவச மெயில் மென்பொருளிலேயே உள்ளமைந்து வருகிறது. ஆனால் சாவியை உருவாக்கி, மாற்றிக்கொண்டு, பத்திரப்படுத்தும் பொறுமை இரண்டு பக்கமும் வேண்டும். இளம் வக்கீல்கள் இருவர் தங்களுக்குள் செய்துகொள்ளட்டும், சங்கத்தின் மேல் திணிக்க மாட்டேன். அலுவலகத்திலேயே சொந்த மெயில் சர்வர் வைப்பதும் வேண்டாம். வீட்டு பிராட்பேண்டில் பெரும்பாலும் நிலையான ஐபி கிடைப்பதில்லை, அனுப்பியது ஸ்பாமில் விழும். 69-ஆவது பிரிவு சர்வருக்குப் பொறுப்பானவரையும் கட்டுப்படுத்துவதால் உத்தரவு நேரே உங்கள் வாசலுக்கே வரும். விபிஎன் (இணையப் போக்குவரத்தை வேறொரு நிறுவனத்தின் சர்வர் வழியாகச் சுற்றி அனுப்பும் சேவை) போட்டால் கேபிள்காரர் பார்ப்பதை விபிஎன்காரர் பார்ப்பார். பெட்டி எங்கே இருந்ததோ அங்கேயேதான் இருக்கும்.

சில விஷயங்களை மெயிலிலேயே எழுத வேண்டாம். எந்த ஊரில் எத்தனை மணிக்குக் கூடுவது, எந்தத் தொழிலாளி எந்தச் சூப்பர்வைசர் மேல் புகார் சொன்னார் என்பது போன்றவை சிக்னல் என்ற செய்திச் செயலியில் போகட்டும், ஒரு வாரத்தில் மறையும்படி அமைத்து. 2016-இல் அமெரிக்க நீதிமன்றம் ஒரு கணக்கைப் பற்றிக் கேட்டபோது, கணக்கு தொடங்கிய தேதியும் கடைசியாக இணைந்த தேதியும் மட்டுமே சிக்னலால் கொடுக்க முடிந்தது, வேறு எதுவும் அவர்களிடம் இல்லை. தொழிலாளர் அமைப்புக்கு நான் மெயிலைவிட இதைத்தான் முதலில் சொல்வேன். புகார் சொன்ன பெண்ணின் பெயர் வெளியே போனால் அடுத்த நாள் அவருக்கு வேலை இருக்காது. அரசு படிக்குமா என்பதைவிட, அரசுக்குப் போனது கம்பெனிக்குப் போகுமா என்ற பயம்தான் அவர்களுக்குப் பெரிது, அதில் தப்பில்லை.

எதைத் தேர்ந்தாலும் கையில் இருக்கும் கருவி திறந்திருந்தால் எல்லாம் வீண். மகாராஷ்டிரத்தில் 2018-இல் நடந்த வன்முறை தொடர்பான பீமா கோரேகான் வழக்கில் கைதான ஒருவரின் மடிக்கணினிக்குள் மெயில் வழியாக வேவு மென்பொருள் நுழைந்திருந்ததாக 2021-இல் அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் அறிக்கை கொடுத்தது. அங்கே எந்த மெயில் சேவையும் காப்பாற்றியிருக்காது. தெரியாத இணைப்பைத் திறக்காதீர்கள், கணினிக்கும் போனுக்கும் முழுப் பூட்டுப் போடுங்கள், அப்டேட்டைத் தள்ளிப் போடாதீர்கள்.

என் சிபாரிசு இப்படி. பனியன் கம்பெனி, கிரில் பட்டறை, அரிசி ஆலைக்கு சோஹோவோ கூகுளோ சொந்த டொமைனில், இரட்டைச் சரிபார்ப்போடு (கடவுச்சொல்லோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்பது). அவர்களின் ஆபத்து அரசைவிடப் பண மோசடிக் கும்பல்தான். விவசாயச் சங்கமும் அதன் வக்கீலும் இருவருமே புரோட்டானுக்கு வாருங்கள், ஒரே மாதத்தில், சேர்ந்து. கட்சிக்காரர் சொன்னதை வக்கீல் வெளியே சொல்லக் கூடாது என்று பழைய சாட்சியச் சட்டத்தின் 126-ஆவது பிரிவு சொன்னது, இப்போது பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 132 சொல்கிறது. அந்தக் கடமையை வாயால் மட்டும் காப்பாற்றிவிட்டு மெயிலைத் திறந்து வைக்க முடியாது. தொழிலாளர் அமைப்புக்கு சிக்னல், அரசு அலுவலகங்களுக்கு எழுத மட்டும் ஒரு சாதாரண மெயில்.

மாறும்போது பழைய பெட்டியை மறந்துவிடாதீர்கள். அதில்தான் பல வருடக் கடிதங்கள் கிடக்கின்றன. தண்டர்பேர்டில் எல்லாவற்றையும் இறக்கி, என்கிரிப்ட் செய்த ஹார்ட் டிஸ்க் இரண்டில் ஏற்றி, ஒன்றை வக்கீல் அலுவலகத்திலும் ஒன்றைச் சங்கத்திலும் வையுங்கள். வழக்கு நடக்கும்போது எந்தக் கடிதம் சாட்சியமாகும் என்று தெரியாது. ஆகவே வக்கீல் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் சர்வரில் இருப்பதை அழிக்க வேண்டும்.